மோட்டார் வண்டியின் மூச்சு

பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதை அறியாதார் இலர். ஆயினும், எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோலை மட்டும் நிரப்பி, அதனிடையே மின்பொறியைத் தோற்றுவித்தால் அஃது எரியாது. எரிவதற்குக் காற்று வேண்டும். அக்காற்றும் அளவறிந்து சேர்தல் வேண்டும். 1 கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்றுத் தேவை. எடையாற் கூறும்போது இது பெரிதாகத் தோன்றாது. பருமனாற் கூறின் வியப்பு விளையும். 1 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று எஞ்சினுக்குள் புகுதல் வேண்டும். மோட்டார் வண்டி உண்ணும் உணவு சிறிது. வாங்கும் மூச்சோ மிகப் பெரிது.

அவ்வுணவையும் மூச்சையும் அளந்து கலந்து ஊட்டும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர். இக்காலத்துக் கார்களில் இத்தொழிலைக் கணிப்பொறியின் ஏவலால் பெட்ரோலைப் பீச்சும் கருவிகள் செய்கின்றன. ஆதலின், புதுக் காரின் மூடியைத் திறந்து பார்ப்போர் கார்புரேட்டரைக் காணார். ஆனால், 50, 60 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, உடையவரின் அன்பினால் இன்றும் தெருவில் ஓடும் பழங்கார்கள் உலகெங்கும் உள. அவற்றின் நலமும் கேடும் இரு கைகளுக்குள் அடங்கும் இவ்வொரு கருவியைப் பெரிதும் பற்றி நிற்கின்றன.

அளவு தவறினால் நேர்வன யாவை? பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்தால், அது செறிந்த கலவை எனப்படும். எரியாது எஞ்சிய பெட்ரோல் கரியாகி ஸ்பார்க் பிளக்குகளிற் படியும். சைலன்சரிலிருந்து கரும்புகை எழும். சிலிண்டரின் சுவரிற் பூசியுள்ள மசகெண்ணெயை அப்பெட்ரோல் கழுவிச் சென்று, பிஸ்டனும் சுவரும் உராய்ந்து தேயச் செய்யும். உடையவரின் பணப்பையும் உடன் தேயும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால், அது மெலிந்த கலவை. இதனைச் சிக்கனம் என மயங்கி விரும்புவோர் உளர். அம்மயக்கம் பொல்லாதது. மெலிந்த கலவை மெல்ல எரியும் இயல்பினது. புகை வெளியேறும் வால்வு திறக்கும்போதும் தழல் அடங்காதிருந்து, அவ்வால்வின் விளிம்பைச் சுட்டுத் தீய்க்கும். மிக மெலிந்த நிலையில், பிஸ்டனின் தலையே உருகித் துளைபடுதலும் உண்டு. செறிந்த கலவையால் வரும் கேடு மெல்ல வரும். மெலிந்த கலவையால் வரும் கேடு ஒருநாள் நடுவழியில் வந்து நிற்கும்.

இனி, எல்லா நிலைக்கும் ஒரே அளவு பொருந்தும் என்றும் எண்ணற்க. மேட்டில் ஏறும்போதும், விரைந்து முந்தும்போதும், எஞ்சின் முழு ஆற்றலையும் தருதல் வேண்டும். அப்போது காற்றின் எடை பெட்ரோலைப்போல் 12.5 முதல் 13 மடங்கு வரை இருப்பது நன்று. சமநிலத்திற் சீரான வேகத்தோடு செல்லும்போது 15, 16 மடங்கு காற்றோடும் அது செவ்வனே ஓடும். குளிர்ந்திருக்கும் எஞ்சினை எழுப்பும்போதோ, மிகச் செறிந்த கலவை வேண்டும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை ஒரு விரற்கடை மிதிக்குந்தோறும் இத்தேவை மாறுகின்றது. மாறுந்தோறும் தானும் மாறிக் கொடுப்பதே கார்புரேட்டரின் கடமை.

முதற்காலத்துக் கருவிகள் இக்கடமைக்கு முற்றும் தகுதியுடையன அல்ல. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில், காற்றானது எரிபொருளின் மேற்பரப்பைத் தடவிச் சென்று, எழும் ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினை அடைந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவரையும் உடன்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை அவ்வண்டியில் நெடும்பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குறைந்தபோது, வீஸ்லாக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்கு விற்ற லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைபட்டபோது, தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியால் அவ்வடைப்பை நீக்கினார். இன்றும் பழங்காரின் கார்புரேட்டருக்கு வரும் நோய்களிற் பல, குழாயிலும் கிண்ணத்திலும் தங்கிய தூசியால் வருவனவே. அவ்வகையில் அவ்வம்மையாரை இக்கருவியின் முதல் மருத்துவர் எனலாம்.

1893ஆம் ஆண்டளவில், வில்ஹெல்ம் மைபாக் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் பெட்ரோலை ஆவியாக வாராமல், நுண்துளி வழியே தூவும் முறையைக் கண்டார். பின்வந்த கார்புரேட்டர்கள் யாவும் இம்முறையின் வழிவந்தனவே. இதன் அடிப்படை எளிது. காவிரி அகன்ற படுகையில் மெல்ல நடக்கின்றது. ஒகேனக்கல்லின் பாறை இடுக்கில் ஒடுங்கும்போது சீறிப் பாய்கின்றது. காற்றும் அத்தகையதே. குழாய் ஒடுங்கும் இடத்தில் அதன் வேகம் மிகும். வேகம் மிகும் இடத்தில் அழுத்தம் குறையும். அவ்வொடுங்கிய தொண்டையில் ஒரு நுண்துளைக் குழாயின் வாயை வைத்தால், அழுத்தக் குறைவினால் பெட்ரோல் தானே மேலெழுந்து, காற்றிற் சிதறித் துளித்துளியாகக் கலக்கும். கொசு மருந்து தெளிக்கும் கைப்பம்பில் நிகழ்வதும் இதுவேயாகும். பெட்ரோல் வரும் நுண்துளைக்கு ஜெட் என்று பெயர்.

ஜெட்டின் பக்கத்தே பெட்ரோல் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். அதற்கென அமைந்ததே மிதவைக் கிண்ணம். வீட்டின் நீர்த்தொட்டி நிறைந்ததும் பந்து மேலெழுந்து குழாயை அடைப்பதுபோல, இக்கிண்ணத்திலும் ஒரு மிதவை எழுந்து பெட்ரோலின் வரவை நிறுத்தும். மிக எளிய இவ்வமைப்பு ஒருமுறை போரின் நடுவே வானவீரரின் உயிரோடு விளையாடியது. 1940ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஸ்பிட்பயர் விமானங்கள் பகைவரைத் துரத்தித் திடுமென மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தபோது, கிண்ணத்துப் பெட்ரோல் மேற்புறம் எறியப்பட்டு, மிதவை நிலைகுலைந்து, எஞ்சின் இருமி அடங்கியது. மிதவையை நம்பாமல் பெட்ரோலை நேரே பீச்சும் எஞ்சினுடைய ஜெர்மானிய விமானங்களோ தடையின்றிக் கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பின. 1941இல், பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், பெட்ரோல் வரும் வழியில் சிறு துளையுடைய ஓர் உலோகத் துண்டைப் பொருத்தி, மிகையாகப் பெட்ரோல் பாய்வதைத் தடுத்தார். கைவிரலில் ஏந்தத்தக்க அத்துண்டு, முற்றும் புதிய கார்புரேட்டர் வரும்வரை அவ்விமானங்களைக் காத்தது.

காருக்குத் திரும்புவோம். ஒடுங்கிய தொண்டை மாறாத அளவினதாயின், ஒரு தொல்லை தோன்றும். எஞ்சின் மெல்லச் சுழலும்போது தொண்டை வழியே செல்லும் காற்றுச் சிறிது. அதன் வேகமும் சிறிது. ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஆற்றலும் சிறிது. விரைந்து சுழலும்போது அவ்வாற்றல் தேவைக்கு மேலும் வளரும். ஆதலின், மாறாத் தொண்டையுடைய சோலெக்ஸ், வெபர் முதலிய கார்புரேட்டர்களில், மெல்லோட்டத்திற்கு ஒரு ஜெட், முழு ஓட்டத்திற்கு ஒரு ஜெட், இடையிற் காற்றுச் சேர்க்கும் துளைகள், திடுமென மிதிக்கும்போது பெட்ரோலைப் பீச்ச ஒரு சிறு பம்பு எனப் பல உறுப்புகளை அமைத்தனர்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பார் வேறொரு வழியை எண்ணினார். தேவைக்கேற்பத் தொண்டையே தானாக விரிந்து சுருங்கினால் என்ன? அவர் காலணி வணிகத்திற் பெயர்பெற்ற குடும்பத்தில் தோன்றியவர். ஆகவே போலும், 1905ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த முதற் கருவியில், விரிந்து சுருங்கும் உறுப்பைத் தோலால் ஆகிய துருத்தியாக அமைத்தார். 1910இல் இக்கருவியைச் செய்வதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. ஸ்கின்னர் யூனியன் என்பதன் முதலெழுத்துகளைக் கொண்டு, அதன் கார்புரேட்டர் எஸ். யு. எனப்பட்டது. தோல் துருத்தி பின்னர் மறைந்து, உலோகப் பிஸ்டன் அவ்விடத்தைப் பெற்றது. 1926இல், மாரிஸ் கார்களைச் செய்த வில்லியம் மாரிஸ் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அன்று முதல் அவர் கார்களுக்கும் எஸ். யு. கார்புரேட்டருக்கும் நெருங்கிய உறவு ஏற்பட்டது.

அக்கார்களுள் யாவரும் அறிந்தது மாரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பாரால் வகுக்கப்பெற்று, 1948இல் லண்டன் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட அச்சிறு கார், 1971 வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. பிரிட்டனில் 10 இலட்சம் என்னும் எல்லையைக் கடந்த முதற் கார் இதுவே. இங்கிலாந்தின் ஊர்த்தெருக்களிலும் இலங்கைச் சாலைகளிலும் இதனை இன்றும் காணலாம். 1962இற்குப் பின் வந்த மைனரின் எஞ்சின் 1,098 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. தொழிற்சாலையில் அதற்குப் பொருத்திய கார்புரேட்டர், 1¼ அங்குல வாயுடைய எஸ். யு. ஒன்றே.

அக்கருவியின் உள்ளமைப்பை அறிந்தாலன்றி, அதனைத் தேர்வதும் செம்மை செய்வதும் இயலா. காற்றுச் செல்லும் தொண்டையின் குறுக்கே மேலிருந்து ஒரு பிஸ்டன் இறங்கி நிற்கின்றது. பிஸ்டனின் மேற்பாகம் மணி போன்ற ஒரு கூட்டினுள் ஏறி இறங்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அவ்வுறிஞ்சும் ஆற்றல் சிறு துளைகளின் வழியே கூட்டின் மேற்புறத்தை எட்டிப் பிஸ்டனைத் தூக்குகின்றது. தேவை மிகுந்தால் பிஸ்டன் உயர்ந்து தொண்டை அகலும். தேவை குறைந்தால் தாழ்ந்து தொண்டை ஒடுங்கும். ஆகவே, காற்றின் வேகம் எந்நிலையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றது. பிஸ்டனின் அடியில், நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஓர் ஊசி பொருந்தியுள்ளது. அது ஜெட்டின் துளைக்குள் இறங்கி நிற்கும். பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு நேரே வந்து, சுற்றிலும் உள்ள இடைவெளி பெருகிப் பெட்ரோலும் மிகும். பல ஜெட்டுகள் செய்யும் தொழிலை ஓர் ஊசி செய்து விடுகின்றது! ஊசியின் தண்டில் அதன் இனத்தைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வினங்கள் நூற்றுக்கணக்கானவை. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூறு பருமன் வேறுபட்டாலும், எஞ்சினின் நடை வேறுபடும்.

இனித் தேர்வைப் பற்றிக் கூறவேண்டும். பழங்காரை உடையவர்க்கு, குறிப்பாக இளைஞர்க்கு, ஓர் ஆசை உண்டாவது இயல்பு. பெரிய கார்புரேட்டரைப் பொருத்தினால் வண்டி பெரிதாகப் பாயும் என்பதே அவ்வாசை. 1¼ அங்குலத்தைக் கழற்றி 1½ அங்குலத்தைப் பொருத்துவோரும், 45 மில்லிமீட்டர் வாய்கள் இரண்டுடைய வெபரைப் பொருத்துவோரும் உளர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது ஊர்மொழி. எஞ்சினின் தேவை யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபின் ஆசைக்கு இடந்தருதல் நன்று.

மைனரின் எஞ்சின் 1 நிமிடத்தில் 5,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். நாற்கதி எஞ்சின் ஆதலின், இரு சுழற்சிக்கு ஒருமுறையே நான்கு சிலிண்டர்களும் நிறையும். எனவே 2,500 முறை 1,098 கன சென்டிமீட்டர் எனக் கொண்டால், 1 நிமிடத்திற்கு 2,745 லிட்டர் வரும். வளைவுகளும் வால்வுகளும் தடை செய்வதால், சிலிண்டர்கள் முற்றும் நிறைவதில்லை. 100க்கு 80 பங்கு நிறைவதாகக் கொண்டால், ஏறத்தாழ 2,200 லிட்டர். அஃதாவது 1 வினாடிக்கு ஏறக்குறைய 37 லிட்டர். இக்காற்று 1¼ அங்குல வாயின் வழியே 1 வினாடிக்கு 46 மீட்டர் வேகத்திற் செல்லும். இது மணிக்கு 165 கிலோமீட்டர் வீசும் புயலின் வேகம். ஆயினும், அவ்வாய் திணறும் அளவு அன்று. நகரத் தெருவில் அவ்வெஞ்சின் நிமிடத்திற்கு 2,000, 2,500 முறை சுழல்வதே மிகுதி. அப்போது தேவை இதிற் பாதிதான்.

1½ அங்குல வாயின் பரப்பு, 1¼ அங்குல வாயின் பரப்பினும் 100க்கு 44 பங்கு மிகுந்தது. எஸ். யு. வகையாயின் பிஸ்டன் தாழ்ந்து நின்று அம்மிகுதியைத் தானே சரிசெய்து கொள்ளும். அதனால் கேடு பெரிதன்று. ஆனால் அதற்கேற்ற ஊசியைத் தேர்ந்து இடாவிடின், பழைய நடையும் கெடும். எஞ்சினின் தலையையும் புகைக்குழாயையும் திருத்தி, மூச்சு எளிதாகச் செல்ல வழிசெய்தவர்க்கு, உயர்ந்த சுழற்சியில் 1½ அங்குலம் பயன்தரும். தொழிற்சாலையில் அமைந்தவாறே எஞ்சினை வைத்திருப்பவர்க்கு, அது தெருவிற் புலப்படுமாறில்லை.

மாறாத் தொண்டையுடைய பெருங்கருவியை இட்டால் நிலை வேறு. மெல்லச் செல்லும்போது அகன்ற தொண்டையிற் காற்று வேகமின்றி ஊர்கின்றது. பெட்ரோலைத் துளியாகச் சிதறடிக்கும் ஆற்றல் அதற்கில்லை. பெருந்துளிகள் குழாய்ச் சுவரில் வழிந்து நிற்க, சிலிண்டருக்குக் காற்று மட்டுமே முந்திச் செல்லும். விளக்குக் கம்பத்தருகே நின்று மீண்டும் புறப்படும் ஓட்டுநர் மிதியை அழுத்த, வண்டி ஒருகணம் தயங்கித் திக்கி, பிறகே பாயும். இத்தயக்கம், பின்னே ஒரு பேருந்து வரும் சந்தியில் நகைக்கத்தக்கதன்று. மேலும், மைனரின் எஞ்சின் தலையில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றுப் புகும் வழிகள் இரண்டே. இவ்விரு சிலிண்டர்கள் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. வாயிலில் பெருங்கோபுரம் எழுப்பிவிட்டு உள்ளே முட்டுச்சந்து வைத்தாற்போல் ஆகும், அதன்முன் பெரிய கார்புரேட்டரை வைப்பது. வெபர் குறையுடைய கருவி என்று கூறவில்லை. பந்தயக் களத்தில் எஞ்சின் எப்போதும் உயர்ந்த சுழற்சியிலேயே நிற்கும். ஆங்கு அதன் பெருமை விளங்கும். கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் கார் களம் மாறியது.

ஆகவே, தெருவில் ஓடும் மைனருக்குத் தகுந்தது, அதனுடன் பிறந்த 1¼ அங்குலக் கருவியே. தேயாத ஒன்றைத் தேடிக் கொள்வதே உண்மையான தேர்வு. பழைய கருவியை வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது, த்ராட்டில் என்னும் மடிதகட்டைத் தாங்கும் தண்டு. அதனை விரலாற் பற்றி மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் காணுமாயின், அவ்விடுக்கின் வழியே காற்றுத் திருட்டுத்தனமாகப் புகும். அளக்கப்படாத அக்காற்று எல்லா அளவையும் பொய்யாக்கிவிடும். அடுத்து, மேற்கூடும் பிஸ்டனும் ஒன்றற்கொன்று இணையாகச் செய்யப்பட்டவை என்பதை மறத்தல் கூடாது. ஒன்றன் கூட்டில் மற்றொன்றன் பிஸ்டனை மாற்றி வைப்போர் இரண்டையும் கெடுப்பர்.

தேர்ந்த கருவியைச் செம்மை செய்வது, யாழுக்குச் சுருதி கூட்டுவது போன்றது. நரம்பு தளர்ந்திருக்கச் சுருதி கூடாது. அவ்வாறே, எஞ்சினின் பிற உறுப்புகள் சீராக இல்லாதபோது கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதுபோல், பிளக்கின் குற்றத்தையும் பாயிண்டின் குற்றத்தையும் கார்புரேட்டரின் மேல் ஏற்றுவது பலர் வழக்கம். முதலில் வால்வுகளின் டேப்பெட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அங்குலத்தின் ஆயிரத்தில் 12 கூறாக இருத்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி 25 கூறு; டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 கூறு. பின் மின்பொறி தோன்றும் காலத்தைச் சரிபார்த்து, காற்று வடிகட்டியைத் துடைத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்திற் காற்றுப் புகும் வெடிப்பு உண்டா என்று நோக்கியபின், திருப்புளியைக் கார்புரேட்டரின் பக்கம் கொண்டுசெல்லலாம்.

பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்குகின்றதா என்பதே அடுத்த ஆய்வு. அதனை விரலால் உயர்த்தி விட்டால், 'டக்' என்னும் ஒலியோடு அடியில் விழுதல் வேண்டும். ஒலியின்றி ஒட்டிக்கொண்டு நிற்குமாயின், கூட்டைக் கழற்றிப் பெட்ரோலால் அழுக்கைத் துடைக்க வேண்டும். கழற்றுமுன் கூடு நின்ற நிலையைப் பென்சிலாற் குறித்துக்கொள்வது அறிவுடைமை. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதோ பெருங்கேடு. துடைத்தபின்னும் ஒட்டுமாயின், ஊசி ஜெட்டின் நடுவில் நில்லாது ஒருபுறம் உரசுகின்றது எனக் கொண்டு, ஜெட்டைத் தாங்கும் நட்டைத் தளர்த்தி, ஊசி நடுவே அமைந்தபின் இறுக்க வேண்டும். இறுதியாக, பிஸ்டனின் உள்ளீடற்ற தண்டில் மெல்லிய எண்ணெயை ஊற்ற வேண்டும். ஓட்டுநர் திடுமென மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தாமதிக்கச் செய்வது இவ்வெண்ணெயே. அத்தாமதத்தால் ஒருகணம் காற்றுக் குறைந்து கலவை செறிவடைய, வண்டி திக்காமல் விரைகின்றது. பிற கார்புரேட்டர்களில் பம்பு செய்யும் தொழிலை இங்கே சிறிதளவு எண்ணெய் செய்கின்றது.

இனி ஜெட்டின் அடியிலுள்ள ஆறு பட்டை நட்டே முதன்மையானது. அதனை மேலே திருகினால் கலவை மெலியும். கீழே திருகினால் செறியும். முதலில் ஜெட்டின் வாய் மேலுள்ள பாலத்தின் மட்டத்திற்கு வரும்வரை மேலே ஏற்றி, பின் இரு முழுச் சுற்று, அஃதாவது 12 பட்டை, கீழே இறக்கித் தொடங்குவது மரபு. எஞ்சினை எழுப்பி, நன்கு சூடேறும்வரை ஓடவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைச் செம்மை செய்வது, உறங்குகின்றவனிடம் பாடம் கேட்பதை ஒக்கும். சூடேறியபின், ஒவ்வொரு பட்டையாக நட்டைத் திருப்பி, எஞ்சின் எந்நிலையில் மிக விரைவாகவும் சீராகவும் சுழல்கின்றது என்று செவியால் உணர்தல் வேண்டும். விரைவு மிகின், மெல்லோட்டத் திருகைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, மீண்டும் கேட்க வேண்டும்.

செவியை மட்டும் நம்பாதவர்க்கு ஒரு தேர்வு உண்டு. கார்புரேட்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதனை மெல்ல அழுத்திப் பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்க வேண்டும். அப்போது எஞ்சினின் வேகம் மிகுந்து, மிகுந்தவாறே நின்றால் கலவை செறிந்தது. உடனே தளர்ந்து நிற்க முயன்றால் மெலிந்தது. ஒருகணம் மிகச் சிறிதளவு எழுந்து, பழைய நிலையை அடைந்தால் அதுவே செவ்விய நிலை. கைதேர்ந்த மருத்துவர் நாடியில் விரல் வைப்பதுபோல் இது மெல்லெனச் செய்யத்தக்கது. மிகத் தூக்கினால் எந்த எஞ்சினும் தளரும். சைலன்சரின் ஒலியும் சான்று கூறும். ஒழுங்கான இடைவெளியோடு திக்கி, புகையும் கறுத்திருந்தால் செறிவு. ஒழுங்கின்றி ஆங்காங்கே தெறித்தாற்போல் திக்கினால் மெலிவு.

இவையெல்லாம் நின்ற நிலையிற் செய்யும் ஆய்வுகள். இவற்றைத் திறந்த வெளியிற் செய்தல் வேண்டும். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவோர் உயிரிழந்ததுண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. தலை சுற்றுவதை உணருமுன்னே நினைவைக் கவர்ந்துவிடும். பெட்ரோல் கசியும் இடத்தருகே விளக்கோ பீடியோ கூடாது என்பதையும் சொல்லவேண்டுவதில்லை, ஆயினும் சொல்லத்தக்கதே.

பின்னர் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெல்லோட்டத்திற் செவ்வையாக இருந்து, நடுவேகத்தில் மேடேறும்போது கார்புரேட்டர் வழியே 'படக்' எனத் தும்முமாயின், குற்றம் நட்டில் இல்லை. ஊசி அவ்விடத்தில் மிகப் பருத்துள்ளது. மெல்லிய ஊசி ஒன்றைத் தேர்தல் வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் நுனியிலுள்ள வெள்ளைப் பீங்கான் இளம்பழுப்பு நிறம் பெற்றிருப்பது நலத்தின் அறிகுறி. கரி படிந்திருப்பின் செறிவு. சுண்ணாம்புபோல் வெளுத்திருப்பின் மெலிவு. ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர் விரைவில் கரையேறுவர். ஊசியையும் நட்டையும் பாயிண்டையும் ஒரே மாலையில் மாற்றியவர், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று அறியார்.

மைனர் பிறந்த காலத்துப் பெட்ரோல் வேறு, இக்காலத்துப் பெட்ரோல் வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல், பொதுவாக விற்கும் பெட்ரோலில் 100க்கு 10 பங்கு வரை எத்தனால் என்னும் சாராயம் கலக்கின்றனர். சாராயம் தன்னுள்ளேயே உயிர்வளியைக் கொண்டது. எரிவதற்கு அதற்குக் குறைந்த காற்றே போதும். ஆகவே, பழைய அளவில் நிற்கும் நட்டு இப்புதிய பெட்ரோலுக்கு மெலிந்த கலவையையே தரும். ஒரு பட்டையளவு கீழே இறக்கி மீண்டும் பொத்தான் தேர்வைச் செய்வது நன்று. பழைய ரப்பர்க் குழாய்களையும் சாராயம் மெல்ல அரிக்கும். அவை விரிசல் கண்டு, சூடான புகைக்குழாயின் மேற் பெட்ரோலைச் சொட்டுமுன், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுதல் வேண்டும்.

இடமும் அளவை மாற்றும். கொழும்பு கடல்மட்டத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீட்டர் உயரத்தது. அங்கே காற்று அடர்த்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. பருமனில் முன்போலவே காற்றுப் புகுந்தாலும், எடையிற் குறைவதால் கலவை செறிந்து விடுகின்றது. கடற்கரையிற் செம்மை செய்த மாரிஸ் மைனர், தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து ஏறும்போது ஊக்கம் குன்றிப் புகை கறுப்பதற்கு இதுவே காரணம். ஓரிரு நாள் தங்கி மீள்வோர் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. மலையிலேயே குடியிருப்போர் ஜெட்டின் நட்டை ஓரிரு பட்டை மேலே ஏற்றி, எண்ணிக்கையைக் குறித்துவைத்துக்கொண்டு, கீழ்நாட்டிற் பல நாள் ஓட்ட நேரும்போது அதே எண்ணிக்கைப்படி திரும்பவும் இறக்கிக்கொள்ளுதல் வேண்டும்.